உங்களுக்குத் தெரியுமா? எழுத்துருவே நாயகனான படம்!

● 'ஹெல்வெட்டிகா' என்ற ஒரே எழுத்துருவைப் பற்றி ஒரு முழுநீள ஆவணப்படம் இருக்கிறது. இயக்கியவர் அமெரிக்கரான கேரி ஹஸ்ட்விட். படம் வந்தது 2007-இல். சுவிட்சர்லாந்தில் 1957-இல் வெளியான அந்த எழுத்துருவுக்கு அது பொன்விழா ஆண்டு.

● படத்தில் பேசும் வடிவமைப்பாளர்கள் இரண்டு கட்சி! மாசிமோ விக்னெல்லி, விம் க்ரௌவெல் ஆகியோர் அதன் தெளிவைக் கொண்டாடுகிறார்கள். எழுத்துகளுக்குள் வேறுபாடே இல்லை என்று சலித்துக்கொள்கிறார் எரிக் ஷ்பீக்கர்மன். பவுலா ஷெர் ஒருபடி மேலே போய், வியட்நாம் போருக்குத் துணைநின்ற பெருநிறுவனங்களின் முகமாகவே அதை இளமையில் பார்த்ததாகச் சொல்கிறார்.

● தமிழ் எழுத்துருவுக்கும் மலேசியாவில் ஒரு முன்னோடி உண்டு: முத்து நெடுமாறன். 1985-இல் 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கத் தொடங்கியவர். ஆப்பிள் கருவிகளில் உள்ள 'தமிழ் சங்கம் எம்.என்.' எழுத்துரு அவர் வடித்தது. 'எம்.என்.' என்பது அவர் பெயரின் முதலெழுத்துகள்.

● மலேசியாவின் லாபிஸ் ரயில் நிலையத்தில் காத்திருக்கும்போது ஐபோனில் தமிழ்ச் செய்தி படித்திருக்கிறீர்களா? நீங்கள் பார்த்தது பெரும்பாலும் இந்த மலேசியத் தமிழரின் கைவண்ணமாகத்தான் இருக்கும்!