பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போடுவதற்கு முன்...

“தம்பி, இந்த லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கச் சொல்றாங்க. நீங்க ஒரு தடவை வந்து பார்த்துட்டுச் சொல்றீங்களா?”

கெப்பாலா பத்தாஸில் இருக்கும் என் அண்ணியிடமிருந்து வந்த அழைப்பு இது. மடிக்கணினியின் கதை எனக்குத் தெரியும். 2021-இல் பள்ளிகளை மூடி, இல்லிருப்புக் கற்றல் என்று பிள்ளைகளைத் திரைக்கு முன் உட்கார வைத்த நேரத்தில், ஏதோ ஓர் அலுவலகத்தில் ஓடி ஓய்ந்ததை அண்ணன் 900 ரிங்கிட்டுக்கு வாங்கினார். ஐ5, ஏழாம் தலைமுறை. அன்று படிவம் ஒன்றில் இருந்த பையன் இன்று ஆறாம் படிவத்துக்கு வந்துவிட்டான். கணினியும் அவனோடு கூடவே வந்திருக்கிறது.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. அதற்குமேல் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மட்டும் இன்னும் ஓராண்டு பெறலாம் என்று ஒரு நீட்டிப்புத் திட்டம் வந்தது. அது வாய்தாதான், தீர்வு அல்ல. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் வேண்டும். ஏழுக்கும் எட்டுக்கும் இடையே ஒரே ஓர் எண்தான் வித்தியாசம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினி அந்த ஓர் எண்ணில் பழசாகிவிட்டது.

பையன் சும்மா இருக்கவில்லை. நண்பன் சொல்லிக் கேட்டு லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறான். எல்லாம் வந்தது, வைஃபை மட்டும் வரவில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனதும் பதில் உடனே வந்திருக்கிறது: “இந்த வைஃபை கார்டு லினக்ஸுக்கு சப்போர்ட் பண்ணாது. புதுசு வாங்கிடுங்க.” புதுசு 2,300 ரிங்கிட். அண்ணி வீட்டில் தையல் தைப்பவர். 2,300 ரிங்கிட் என்றால் எத்தனை ரவிக்கை என்று அவரே கணக்குச் சொன்னார்.

சனிக்கிழமை போனேன். உணவு மேசையில் கணினியைத் திறந்து வைத்தோம். கோளாறு பார்க்கும்போது நான் முதலில் கேட்பது, ‘ஏன் வேலை செய்யவில்லை?’ என்பதல்ல. ‘பொருள் கெட்டிருக்கிறதா, அல்லது கணினிக்கு அது தெரியவே இல்லையா?’ என்பதுதான். விண்டோஸில் வைஃபை நன்றாகவே வேலை செய்தது. ஆக, கார்டு சாகவில்லை. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயரைப் பார்த்துக்கொண்டோம். லினக்ஸில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் சாதாரண ரகம். ஆதரவு இல்லாத பொருளே அல்ல.

லினக்ஸில் இணையம் இல்லாதபோது எதையும் தேடிப் பார்க்க முடியாதே என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் செருகி, ‘யுஎஸ்பி டெதரிங்’ என்பதை முடுக்கினால் போதும். தனியாக எதையும் நிறுவாமலேயே லினக்ஸ் அதை இணைய வழியாக எடுத்துக்கொள்ளும். அப்படி இணைந்துகொண்டு விண்டோஸ் வட்டில் இருந்த பையனின் பள்ளிக் கோப்புகளைத் திறந்தேன். திறக்க முடிந்தது, மாற்றிச் சேமிக்க முடியவில்லை. அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது.

“கடைசியா விண்டோஸை எப்படி நிறுத்தினே?”

“ஷட் டவுன் கொடுத்தேன், சித்தப்பா.”

அதுதான் விஷயம். விண்டோஸ் 8-லிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்றொரு வசதி இருக்கிறது. ‘ஷட் டவுன்’ கொடுத்தால் கணினி முழுதாக நிற்பதில்லை. இயங்குதளத்தின் உட்பகுதி அப்போதைய நிலையை வட்டில் எழுதி வைத்துவிட்டு அரைத் தூக்கம் போடுகிறது. மறுநாள் சீக்கிரம் எழுந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு. வீட்டில் விண்டோஸ் மட்டும் இருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. அதே கணினியில் லினக்ஸும் நுழையும்போதுதான் சிக்கல். சில வைஃபை கார்டுகள் விண்டோஸ் விட்டுப்போன நிலையிலேயே மாட்டிக்கொண்டு கண் விழிக்க மறுக்கும். வட்டில் எழுதினால் கோப்புகள் குழம்பிவிடும் என்பதால் லினக்ஸும் படிப்பதோடு நின்றுகொள்ளும். வேடிக்கை என்னவென்றால், ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் விண்டோஸ் உண்மையிலேயே முழுதாக அணைகிறது.

விண்டோஸுக்குத் திரும்பிப்போய், கண்ட்ரோல் பேனலில் மின்சக்தி அமைப்புகளுக்குள் இருந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நீக்கினோம். ‘ரீஸ்டார்ட்’. பென் டிரைவிலிருந்து மீண்டும் லினக்ஸ். மூலையில் வைஃபை குறி வந்தது. பக்கத்து வீட்டு வைஃபையின் பெயர் வரைக்கும் தெரிந்தது. 2,300 ரிங்கிட் கோளாறு பத்து நிமிடத்தில் தீர்ந்தது. கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. லினக்ஸ் என்றதும் நம் ஊரில் பலர் மேற்கொண்டு பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

இயக்கி எங்கே இருக்கிறது?

ஒரு பொருள் லினக்ஸில் ஓடுமா, ஓடாதா என்பது ஏன் இவ்வளவு பெரிய கேள்வி? கணினியின் ஒவ்வோர் உறுப்புக்கும் ‘டிரைவர்’ எனப்படும் இயக்கி மென்பொருள் வேண்டும். விண்டோஸுக்கான இயக்கியைப் பொருளைச் செய்யும் நிறுவனமே எழுதிக் கொடுத்துவிடும். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கிய லினக்ஸில், பெரும்பாலான இயக்கிகள் இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே சேர்ந்து வருகின்றன. நிறுவனம் ஒத்துழைத்தால் சீக்கிரம் சேரும். ஒத்துழைக்காவிட்டால் யாராவது தானாக முன்வந்து எழுதும்வரை காத்திருக்க வேண்டும்.

அதனால் லினக்ஸ் உலகில் புத்தம் புதுசு எப்போதும் நல்லதல்ல. மலிவு மடிக்கணினிகளில் ஏராளமாக வந்த ரியல்டெக் 8821சிஇ என்ற வைஃபை சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 20.04-இன் கருவில் அதற்கு இயக்கி இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் வந்த லினக்ஸ் 5.9-இல் சேர்ந்துவிட்டது. ஒரே மடிக்கணினி, ஒரே ஆண்டு. ஏப்ரல் பதிப்பைப் போட்டவர் திட்டினார், புதிய கருவோடு வந்த பதிப்பைப் போட்டவருக்குப் பிரச்சினையே தெரியவில்லை. இரண்டு, மூன்று ஆண்டு பழைய மாடல்தான் என் தேர்வு என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இதுதான் காரணம். விலையும் இறங்கியிருக்கும்.

அன்று மாலையே அண்ணி அடுத்த கேள்வியைக் கேட்டார். மூத்தவள் பல்கலைக்கழகம் போகிறாள். அவளுக்கு ஒன்று வாங்கத்தான் வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

மூடியில் இருக்கும் பெயரை மறந்துவிடுங்கள் என்றேன். ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலில்கூட இரண்டு விதமான வைஃபை கார்டுகள் வருவதுண்டு. உள்ளே என்ன சில்லு இருக்கிறது என்பதுதான் கேள்வி. இன்டெல் வைஃபை என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. பிராட்காம் என்றால் தனி இயக்கி தேவைப்படலாம். மின்ட்டில் ‘டிரைவர் மேனேஜர்’ அதைத் தேடித் தரும், ஆனால் அப்போதும் கைப்பேசிக் கம்பி கையில் இருக்க வேண்டும். மீடியாடெக் எம்டி7902 என்ற எண்ணைக் கண்டால் நான் நகர்ந்துவிடுவேன். லினக்ஸ் பயனர்களை நீண்ட காலம் காக்க வைத்த சில்லு அது.

திரைக்காட்சியைப் பொறுத்தவரை, படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் இன்டெல் அல்லது ஏஎம்டியின் உள்ளமை வரைகலையே போதும். இரண்டுக்கும் இயக்கி கருவுக்குள்ளேயே இருக்கிறது. என்விடியா வேண்டுமென்றால் அதன் இயக்கியைத் தனியாக நிறுவ வேண்டும். 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் டோர்வால்ட்ஸ் என்விடியாவை நோக்கி நடுவிரலையே காட்டிவிட்டார். பத்து ஆண்டு கழித்து, 2022-இல், அந்த நிறுவனம் தன் கரு இயக்கியின் மூலநிரலைத் திறந்தது. இப்போது நிலைமை எவ்வளவோ பரவாயில்லை. ஆனாலும் கட்டுரை எழுதப் போகிற பெண்ணுக்கு அந்த வம்பு எதற்கு?

இந்தச் சில்லு விஷயத்தில் பினாங்குக்காரர்களுக்குக் கொஞ்சம் உரிமையும் உண்டு. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தன் முதல் தொழிற்சாலையை 1972-இல் அமைத்தது நம் பாயான் லெப்பாஸில்தான். ஏஎம்டியும் அதே காலத்தில் வந்தது. அந்த ஆலைகளில் வேலை பார்த்த அத்தையோ பெரியப்பாவோ இல்லாத பினாங்குத் தமிழ்க் குடும்பம் குறைவு. லினக்ஸும் இங்கே அந்நியமல்ல. அரசாங்க அலுவலகங்களுக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டம் 2004-இல் வந்தபோது பிரதமராக இருந்தவர் அப்துல்லா அகமட் படாவி, கெப்பாலா பத்தாஸின் நாடாளுமன்ற உறுப்பினர்.

பணம் கொடுப்பதற்கு முன் பென் டிரைவ்

மறுவாரம் மூத்தவளோடு பழைய கணினி விற்கும் ஒரு கடைக்குப் போனோம். என் சட்டைப் பையில் 8 ஜிபி பென் டிரைவ். அதில் லினக்ஸ் மின்ட் 22. 2029 வரை ஆதரவு உள்ள பதிப்பு. (ரூஃபஸ் போன்ற மென்பொருளால் இதை வீட்டிலேயே தயாரிக்கலாம். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துவிடும், கல்யாணப் படங்களை வேறு இடத்தில் வைத்துவிட்டுச் செய்யுங்கள்.) கணினியில் எதையும் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே முழு லினக்ஸையும் ஓட்டிப் பார்க்கலாம். கார் வாங்கும்போது ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதில்லையா? கடைக்காரர் முதலில் முறைத்தார். பிறகு அவரும் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

வைஃபையில் இணைந்தோம். ஒரு பாட்டைப் போட்டோம். வானொலிக்காரன் என்பதால் ஒலிபெருக்கியைத்தான் நான் முதலில் சோதிப்பேன். சில புதிய மடிக்கணினிகளில் ஒலி அமைப்பில் ‘டம்மி அவுட்புட்’ என்று மட்டும் காட்டும், சத்தமே வராது. கேமராவில் முகம் தெரிகிறதா, மைக்கில் பேசினால் பதிவாகிறதா என்று பார்த்தோம். பிறகு மூடியை மூடி ஒரு நிமிடம் கழித்துத் திறந்தோம். தூங்கி எழாத மடிக்கணினிகள் உண்டு. கடையில் யாரும் இதைச் சோதிப்பதில்லை, வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். கடைசியாக ‘டிஸ்க்ஸ்’ என்ற செயலியில் வட்டின் ஆரோக்கிய அறிக்கையைத் திறந்தோம். பழைய கணினி வாங்குபவர்கள் விண்டோஸ் பயனராக இருந்தாலும் இதைப் பார்ப்பது நல்லது. வட்டு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதுகூட அதில் இருக்கும். முதலில் காட்டிய கணினியில் பழுதான பகுதிகள் பதிவாகியிருந்தன. கடைக்காரர் ஒன்றும் பேசாமல் வேறொன்றை எடுத்து வந்தார்.

அச்சுப்பொறியையும் கேட்டார்கள். ‘ஏர்பிரிண்ட்’ என்று பெட்டியில் போட்டிருந்தால் லினக்ஸிலும் தனி இயக்கி இல்லாமலே ஓட வாய்ப்பு அதிகம். ஆப்பிளுக்கான முத்திரை நமக்கும் உதவுகிறது. கட்டற்ற மென்பொருள் இயக்கமே ஓர் அச்சுப்பொறித் தகராறில் முளைத்ததுதான். எம்ஐடி ஆய்வகத்தில் ஒரு லேசர் அச்சுப்பொறி அடிக்கடி காகிதத்தைச் சிக்கவைக்க, அதைச் சரிசெய்ய மூலநிரல் கிடைக்காத கோபம் ரிச்சர்ட் ஸ்டால்மனை விடவில்லை. 1983-இல் அவர் க்னூ திட்டத்தை அறிவித்தார். நாற்பது ஆண்டுக்குப் பிறகும் வீட்டில் அதிகம் திட்டு வாங்குவது அச்சுப்பொறிதான்.

எல்லோரும் மாறிவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆட்டோகேட், அடோபி மென்பொருள்கள் இல்லாமல் பிழைப்பு நடக்காது என்றால், அல்லது பல்கலைக்கழகம் விண்டோஸில் மட்டும் ஓடும் தேர்வு மென்பொருளைக் கேட்டால், விண்டோஸ்தான் வழி. மூத்தவளிடம் முதலில் அதைத் துறையில் விசாரிக்கச் சொன்னேன். பிறகுதான் கடைக்கே போனோம். இன்னொன்று: லினக்ஸ் நிறுவுவதற்கு பயாஸில் கை வைக்கும் முன், விண்டோஸ் வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தொலைத்தவர்களின் கோப்புகளை என்னாலும் மீட்க முடியாது, யாராலும் முடியாது. நிறுவும்போது வட்டே தெரியவில்லை என்றால், பெரும்பாலும் பயாஸில் வட்டு ‘ரெய்டு’ முறையில் இருக்கும். ‘ஏஎச்சிஐ’ முறைக்கு மாற்ற வேண்டும். விண்டோஸையும் வைத்துக்கொள்வதானால் தெரிந்தவரை வைத்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் எழாது.

பையனின் கணினியில் விண்டோஸை முழுதாக எடுத்துவிட்டு மின்ட்டை ஏற்றினோம். கோப்புகளை முதலில் வெளி வட்டில் எடுத்து வைத்த பிறகுதான். பழைய சுழல் வட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி, 4 ஜிபி நினைவகம் 8 ஆனது. செலவு அந்த 2,300-இல் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்தது. விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99 ஏற்கெனவே இருந்தது. அவன் தமிழ்க் கட்டுரைகளை இப்போது அதில்தான் அடிக்கிறான்.

கைரேகைப் பொத்தான் மட்டும் இன்றுவரை வேலை செய்யவில்லை. அந்த உணரிக்கு லினக்ஸில் இயக்கி இல்லை. அதனால் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லைத் தட்டுகிறான். ஒரு நன்மை, தங்கைக்கு அது தெரியாது.