உங்களுக்குத் தெரியுமா? வாழைத்தாரும் ஓர் இரட்டைப் பிணைப்பும்

வாழைத்தாரை அறையில் அடுக்கி, கதவை அடைத்து, புகைமூட்டம் போட்டுப் பழுக்கவைப்பது நம் ஊர்ப் பழைய வழக்கம். சூடு மட்டும் அங்கே வேலை செய்யவில்லை. அரைகுறையாக எரிவதால் எழும் புகையில் உள்ள எத்திலீன் வாயுவும்தான். இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன், கார்பன்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு: ஆல்கீன் குடும்பத்தின் கடைக்குட்டி.

1901-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி நெல்யுபோவ், ஆய்வகத்துப் பட்டாணி நாற்றுகள் கோணலாக வளர்ந்ததற்கு விளக்கு வாயுவில் இருந்த எத்திலீனே காரணம் என்று கண்டார். பழமே இந்த வாயுவை உண்டாக்குகிறது என்று 1934-இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேன் நிறுவினார். அரிசிப் பானைக்குள் புதைத்த மாங்காய் சீக்கிரம் பழுப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். வாயு தப்பிப் போக வழியில்லை!

சில வியாபாரிகள் வைக்கும் 'கல்' வேறு சங்கதி. கால்சியம் கார்பைடில் ஈரம் பட்டால் வருவது அசிட்டிலீன், அதில் முப்பிணைப்பு. வெல்டிங் பட்டறையில் எரிகிறதே, அதே வாயு. இதுவும் காயைப் பழுக்கவைக்கும், ஆனால் எத்திலீனின் வீரியம் இதற்குக் கிடையாது. போதாக்குறைக்குக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு வேறு. இந்தியாவில் கல் வைத்துப் பழுக்கவைக்கத் தடை உள்ளது. எத்திலீன் வாயுவுக்கு 100 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் நூறு பங்கு வரை அனுமதி உண்டு.