சிங்கத்துக்குச் சின்னத் தோட்டா போதும்!

1901-ம் ஆண்டின் தொடக்கம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், மீக்கர் என்ற ஊரை ஒட்டிய மலைகளில் குளிர்காலம். துணை ஜனாதிபதியாகத் தேர்வாகி, இன்னும் பதவியேற்காத தியோடர் ரூஸ்வெல்ட், ஜான் காஃப் என்ற வழிகாட்டியோடும் அவருடைய வேட்டை நாய்களோடும் அங்கே முகாமிட்டிருந்தார். தேடி வந்தது, மலைச் சிங்கத்தை. அந்தப் பயணத்தில் அவர் வீழ்த்திய ஓர் ஆண் சிங்கத்தின் எடை 103 கிலோ. அதன் மண்டையோடு பல பத்தாண்டுகள் சாதனைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது.

அவர் கையில் இருந்தது யானையைச் சுடும் பெரிய துப்பாக்கி அல்ல. மான் வேட்டைக்குப் போகிறவர்கள் வைத்திருக்கும் சாதாரண 30-30 வின்செஸ்டர் ரைஃபிள்தான்!

‘சிங்கத்துக்கு இது போதுமா?’ என்ற கேள்வி அமெரிக்காவின் புதிய வேட்டைக்காரர்களுக்கு இன்றும் எழுகிறது. போதும் என்பதே அனுபவசாலிகளின் பதில். அதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

பெயரில்தான் சிங்கம்

பூமா, கூகர், மலைச் சிங்கம் எல்லாம் ஒரே விலங்கின் பெயர்கள். இது சிங்கம்போல கர்ஜிக்காது. வீட்டுப் பூனைபோல ‘குர்ர்’ என்று சத்தமிடும். ஆண் பெரும்பாலும் 60 முதல் 70 கிலோ இருக்கும். பெண் 40, 45 கிலோதான். கரடிக்கு இருப்பதுபோல் தடித்த கொழுப்போ கனத்த எலும்போ கிடையாது. ஒல்லியான உடம்பு, மெல்லிய தோல். நுரையீரல் பகுதியில் ஒரு குண்டு சரியாக இறங்கினால், அதிக நேரம் தாங்காது.

மரத்தடியில் நாய்கள்

பனியில் பதிந்த கால்தடத்தை வைத்து நாய்களை அவிழ்த்துவிடுவதுதான் இந்த வேட்டையின் பழைய முறை. மலைச் சிங்கத்தால் மின்னல் வேகத்தில் பாய முடியும். நீண்ட தூரம் ஓட முடியாது. மூச்சு வாங்கியதும் மரத்தில் ஏறிவிடும். வேட்டைக்காரர் வந்து சேரும்போது, பெரும்பாலும் 10 முதல் 25 மீட்டர் தூரத்தில் கிளைமேல் உட்கார்ந்திருக்கும். கீழே நாய்கள் குரைத்துக்கொண்டிருக்கும்.

ஆபத்தும் இங்கேதான். அரைகுறைக் காயத்தோடு சிங்கம் கீழே விழுந்தால், முதலில் கிழிபடுவது நாய்கள். அதனால்தான் நாய்களைக் கட்டிவைத்த பிறகே சுட வேண்டும் என்கிறார்கள்.

‘அப்படியானால் பெரிய தோட்டாவே நல்லதாயிற்றே?’ என்று தோன்றலாம். 300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவுக்கு 30-30-ஐவிட கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சக்தி. ஆனால், அது தோளில் பலமாக உதைக்கும். உதைக்குப் பயந்து கண் சிமிட்டினால் குறி தவறும். குண்டு உடம்பைத் துளைத்து மறுபுறம் போய், தோலையும் இறைச்சியையும் பாழாக்கும். மரத்தை நோக்கி மேல்பக்கமாகச் சுடுவதால், அந்தக் குண்டு எங்கோ தொலைவில் போய் விழும். அங்கே யார் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

எதைத் தேர்வு செய்வது?

நாய்களோடு போகிறவர்களுக்கு 30-30 நல்ல தேர்வு. 10, 11 கிராம் எடையுள்ள குண்டு, விநாடிக்கு ஏறத்தாழ 700 மீட்டர் வேகத்தில் கிளம்பும், உதை குறைவு. நாளெல்லாம் மலை ஏறுவதால், கனம் குறைந்த 357 மேக்னம் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்பவர்களும் உண்டு.

223 ரெமிங்டன் குண்டின் எடை பெரும்பாலும் 4 கிராமுக்கும் குறைவு. கிட்டத்தில் அதுவும் போதும். ஆனால், சிறு பிராணிகளுக்கென்று செய்த குண்டாக இருக்கக் கூடாது. அது பட்டவுடன் மேலாகவே சிதறி, விலங்கைக் கொல்லாமல் காயத்தோடு விட்டுவிடும். எனவே குண்டின் அளவோடு, அது எப்படிச் செய்யப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஓரிகனில் 1994-லும், வாஷிங்டன் மாநிலத்தில் 1996-லும் நாய்களை வைத்து இந்த விலங்கை வேட்டையாடத் தடை வந்தது. அங்கே 100, 200 மீட்டர் தூரத்திலிருந்து சுட நேரலாம். அதற்கு 243 வின்செஸ்டர் போன்ற மான் வேட்டைத் தோட்டாக்கள் பொருத்தம். எது சட்டப்படி செல்லும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வாங்குவதற்கு முன்பே விதிகளைப் பார்த்துவிட வேண்டும்.

சுடாமல் திரும்புவதும் வேட்டைதான்

தோட்டாவைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. மரத்தில் இருப்பது ஆணா, பெண்ணா?

தாய்ச் சிங்கம் குட்டிகளைச் சுமார் ஒன்றரை ஆண்டு வரை வளர்க்கும். இரை தேடப் போகும்போது அவற்றை மறைவிடத்தில் விட்டுவிட்டுத் தனியாகத்தான் போகும். அதைச் சுட்டால், குட்டிகள் பட்டினியில் சாகும். குட்டிகளோடு இருக்கும் தாயைக் கொல்ல பல மாநிலங்களில் தடை இருக்கிறது. கொலராடோவில் ஆண், பெண் வித்தியாசத்தைக் கற்றுத்தரும் பயிற்சியில் தேறினால்தான் உரிமம். வாலுக்குக் கீழே, சற்றுத் தள்ளி ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால் ஆண். சந்தேகம் இருந்தால், நாய்களைப் பிடித்துக் கட்டி, மலையிறங்கிவிட வேண்டியதுதான்.

இந்த வேட்டையே வேண்டாம் என்பவர்களும் ஏராளம். கலிஃபோர்னியா 1990-ல் மக்கள் வாக்கெடுப்பில் தடை விதித்தது. 2024-ல் கொலராடோவில் அப்படியொரு வாக்கெடுப்பு நடந்து, தடை தோற்றுப்போனது. விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால், விலங்கு துடிதுடித்துச் சாகக் கூடாது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

ஆகவே, பயமில்லாமல் சுடக்கூடிய துப்பாக்கி, நன்றாகப் பழகிய கை, சந்தேகம் வந்தால் விசையிலிருந்து விரலை எடுக்கும் மனசு. மலைச் சிங்கத்தைத் தேடிப் போகிறவருக்கு வேண்டியவை இந்த மூன்றும்தான்!