எலிக்கூண்டு போட்டுக்கொடுத்த உண்மை!

உங்க பையில இருக்கிற தண்ணீர் பாட்டிலை ஒரு நிமிஷம் எடுத்துப் பாருங்க பாஸ். 'பி.பி.ஏ. ஃப்ரீ'னு போட்டிருக்கா? என் பாட்டிலில் இருக்கு. அதை நம்பித்தான் எழுபது ரூபாய் கூடக் கொடுத்து வாங்கினேன். அந்த நிம்மதியைக் கெடுத்தது ஒரு எலிக்கதை!

1998, ஆகஸ்ட். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரம். சுண்டெலிகளின் கருமுட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார் மரபியல் விஞ்ஞானி பேட்ரீஷியா ஹன்ட். எந்த மருந்தும் கொடுக்காமல், சும்மா ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த எலிகள் சில. வழக்கமா அதுங்க முட்டையில் 1, 2 சதவிகிதத்தில்தான் குரோமோசோம் கோளாறு இருக்கும். திடீர்னு அது 40 சதவிகிதமா எகிறியது!

துப்பறிந்ததில் கடைசியா மாட்டியது, கூண்டு. தற்காலிக ஊழியர் ஒருவர், தரை துடைக்கிற காரமான திரவத்தால் கூண்டுகளைக் கழுவிவிட்டார். பாலிகார்பனேட் பிளாஸ்டிக் அரித்து, அதிலிருந்து பிஸ்ஃபீனால் ஏ கசிந்திருக்கிறது. அதான் நம்ம பி.பி.ஏ.! ஹன்ட் வேண்டுமென்றே கூண்டுகளை அரிக்கவிட்டும், எலிகளுக்கு பி.பி.ஏ. கொடுத்தும் உறுதிசெய்துகொண்டு, 2003-ல் முடிவை வெளியிட்டார்.

விஷயம் சிம்பிள். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சாவின்னா, செல்லில் அதுக்கான பூட்டு இருக்கு. பி.பி.ஏ. அதில் நுழையும் டூப்ளிகேட் சாவி. லண்டனில் சார்லஸ் டாட்ஸ் இதை 1936-லேயே சொல்லிட்டார். தெரிஞ்சேதான் 1950-களில் அதை வெச்சு பிளாஸ்டிக் செஞ்சாங்க! 'துளியூண்டுதானே கசியுது' என்பதும் எடுபடாது. ஹார்மோன் வேலை செய்வதே துளியூண்டில்தான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், பாதுகாப்பான தினசரி அளவை 2023-ல் ஒரே வெட்டாக 20,000 மடங்கு குறைத்தது.

எலிக்கு நடந்தது மனுஷனுக்கும் அப்படியே நடக்கும்னு சொல்ல முடியாது, வாஸ்தவம். ஆனா, கதை அங்கே முடியலை. பி.பி.ஏ-வுக்குக் கெட்ட பெயர் வந்ததும், பல பொருட்களில் அதே குடும்பத்து பி.பி.எஸ். வந்து உட்கார்ந்தது. ஹன்ட்டும் வேறு ஆய்வகம் போய், பாலிசல்ஃபோன் கூண்டுக்கு மாறினார். அங்கேயும் எலிகளின் கணக்கு உதைத்தது. பழுதான கூண்டிலிருந்து கசிந்தது... பி.பி.எஸ்! 2018-ல் வெளியான ஆய்வு இது. ஒரே ஆளுக்கு, ஒரே விபத்து, இருபது வருஷ இடைவெளியில்!

எங்க பாலிமர் பாடத்தில் பாலிகார்பனேட்டின் உறுதி, கண்ணாடி மாதிரி தெளிவு எல்லாம் பத்து மார்க் கேள்வி. கசிவு? சிலபஸ்லயே இல்லை. கீறல் விழுந்த பழைய பாலிகார்பனேட் பாட்டிலில் சூடா டீ ஊத்தினா கசிவு கூடும்கிறதையே, இதை எழுத உட்கார்ந்தப்போதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

என் பாட்டிலை இன்னொரு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என்ன இல்லைங்கிறது கொட்டை எழுத்தில் இருக்கு. பதிலுக்கு என்ன போட்டிருக்காங்க? அதைத்தான் காணோம்!