அடுத்து எந்தக் கால்?

பாண்டி ஆடுகிற ஒரு பிள்ளையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சில்லு மூன்றாம் கட்டத்தில் விழ வேண்டும், கோட்டில் படக் கூடாது. அந்தக் கட்டத்தைத் தாண்டி ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே கடைசிவரை போக வேண்டும். அங்கே திரும்பி, வரும் வழியில் தூக்கிய காலை இறக்காமல் குனிந்து சில்லை எடுக்க வேண்டும். கால் பலம் மட்டும் இதற்குப் போதாது. எவ்வளவு எட்டிக் குதிப்பது, குனியும்போது எந்தக் கையை எந்தப் பக்கம் நீட்டினால் சாயாமல் நிற்கலாம் என்பதையெல்லாம் உடம்பு அசையும் முன்பே மூளை ஒழுங்குபடுத்தி வைத்துவிடுகிறது. இதைத்தான் அசைவுத் திட்டமிடல் என்கிறார்கள்.

அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் ஏர்ஸ் 1960, 70-களில் இதைப் பற்றி நிறைய எழுதினார். அவர் கணக்கில் இதற்கு மூன்று படிகள் உண்டு: என்ன செய்யலாம் என்று தோன்றுவது, எப்படிச் செய்வது என்று மனசுக்குள் வரிசைப்படுத்துவது, பிறகு செய்து முடிப்பது. இரண்டாவது படிதான் வெளியே தெரியாது. அந்த வரிசையைப் போட, கை கால் இப்போது எங்கே இருக்கிறது என்று தசையும் மூட்டும் சொல்லும் செய்தி வேண்டும். உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று உட்செவி சொல்லும் செய்தியும் வேண்டும். பழகப் பழக வரிசை தானாக ஓட ஆரம்பித்துவிடும். நமக்குச் சட்டைப் பொத்தான் போட யோசனை தேவைப்படாதது அதனால்தான்.

சில பிள்ளைகளுக்கு அந்த வரிசை சட்டென்று அமைவதில்லை. பழகிய வேலையை ஒழுங்காகச் செய்வார்கள், புதிதாக ஒன்றைக் கொடுத்தால் திணறுவார்கள். டம்ளரைத் தட்டிவிடுவார்கள், வாசற்படியில் இடித்துக்கொள்வார்கள், செருப்பை மாற்றிப் போடுவார்கள். எந்த ஆட்டத்துக்குக் கூப்பிட்டாலும் “நீங்க ஆடுங்க, நான் பாக்கறேன்” என்று ஒதுங்குகிற பிள்ளையையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்க்க வேண்டும். வீட்டில் இதற்குச் சோம்பல், கவனக்குறைவு என்று பெயர் வைத்துவிடுகிறோம். இந்தத் தடுமாற்றம் அன்றாட வேலையையும் படிப்பையும் கெடுக்கும் அளவுக்கு இருந்தால், மருத்துவத்தில் அது வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு. ஐந்து முதல் பதினொரு வயதுக்குள் நூற்றுக்கு ஐந்தாறு பிள்ளைகளுக்கு இது இருக்கிறது என்பது உலக அளவிலான மதிப்பீடு. முப்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவராவது இருப்பார். அவருடைய அறிவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்து ஊர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு கொடுப்பினை உண்டு. அங்கே பனை இருக்கிறது. நுங்கைத் தோண்டித் தின்ற பிறகு மிஞ்சும் காய் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கொம்பால் தள்ளிக்கொண்டு ஓடும் நுங்கு வண்டியைவிட நல்ல பயிற்சிக் கருவியை யாரும் கடையில் விற்றுவிட முடியாது என்பது என் கட்சி. கவட்டையைப் பிடித்த இரண்டு கையும் ஒத்துப்போக வேண்டும். மேட்டில் அழுத்தம் கூட வேண்டும், பள்ளத்தில் குறைய வேண்டும். திருப்பத்தில் வண்டி சாயும் முன்பே கை முந்திக்கொள்ள வேண்டும். வண்டியைச் செய்வதிலேயே பாதிப் பாடம் இருக்கிறது: எங்கே துளை போடுவது, எவ்வளவு நீளக் குச்சி, எதை முதலில் மாட்டுவது. அதனால் பெரியவர்கள் செய்து கையில் கொடுத்துவிடாதீர்கள். துளை போடும் கத்தி வேலையை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டால் போதும். நுங்குக் காலம் முடிந்தால் பழைய சைக்கிள் டயரும் ஒரு குச்சியும் இருக்கவே இருக்கின்றன.

கேரளத்தில் கரிசல் மண் இருப்பது சித்தூர் தாலுகாவில்தான். வெயிலில் வெடித்துக் கிடக்கும் அந்த மண் மழை பெய்தால் காலை விடாது. மழை நாளில் அதில் பாண்டிக் கோடு போட முடியாது. பிசைந்து அடுப்பும் சட்டியும் மாடும் செய்யலாம். ஒரு மாட்டுக்கு நாலு கால் ஒட்டி நிற்க வைப்பது ஐந்து வயது விரல்களுக்குப் பெரிய திட்டம்.

ஆட்டத்தை அப்படியே கொடுத்தால் தடுமாறுகிற பிள்ளை தோற்றுக்கொண்டே இருக்கும், பிறகு வராது. ஆட்டத்தைத் தளர்த்த வேண்டும். ஒற்றைக் காலில் நொண்டுவது பெரும்பாலும் நாலைந்து வயதில்தான் வரும். அது வராத பிள்ளைக்கு இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்கிற பாண்டி போதும். கட்டத்தைப் பெரிதாகப் போடுங்கள். உருளாத தட்டையான சில்லு கொடுங்கள், அல்லது முதல் வாரம் சில்லே வேண்டாம். அது கைவந்ததும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: கட்டத்தைச் சுருக்கலாம், அல்லது திரும்பி வரும்போது மட்டும் நொண்டச் சொல்லலாம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் பிள்ளை எதில் இடறியது என்று உங்களுக்கே தெரியாது.

பேச்சைக் குறைப்பது இன்னும் முக்கியம். “குதி, திரும்பு, குனி, எடு” என்று நாம் கத்திக்கொண்டிருந்தால் வரிசையைப் போடுவது நாம்தான். பிள்ளையின் மூளைக்கு அங்கே வேலையே இல்லை. கேள்வி கேளுங்கள். “அடுத்து எந்தக் கால்?” “சில்லு எங்க விழணும்?” விழுந்துவிட்டால், “எதனால விழுந்தே? இந்தத் தடவை எதை மாத்திப் பாப்போம்?” பிள்ளை யோசித்துச் சொல்லும்வரை காத்திருங்கள். கனடாவில் ஹெலீன் பொலடைகோவும் உடன் ஆய்வாளர்களும் உருவாக்கிய ஒரு பயிற்சி முறையின் மையமே இதுதான்: இலக்கைப் பிள்ளை சொல்லும், வழியையும் பிள்ளையே சொல்லும், செய்து பார்க்கும், சரியாக வந்ததா என்று தானே சோதிக்கும்.

பொத்தான், செருப்பு வார் போன்றவற்றில் தலைகீழாகப் போவது எளிது. முழு வேலையையும் நீங்கள் செய்து, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளைக்கு விடுங்கள். முடித்த சந்தோஷம் அதற்குக் கிடைக்கும். பிறகு ஒவ்வொரு படியாகப் பின்னால் நகரலாம்.

மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு தோட்டங்களில் நிலைமை வேறு. தரை எல்லாம் சரிவு. பந்து கையை விட்டால் தேயிலைக்குள் போய்விடும். தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் பிள்ளைகள் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) திண்ணையை விட்டு வெளியே வர முடியாது. மழை விட்ட நாளிலும் பொழுது சாய்ந்தால் யானை பயம். படையப்பா என்று பெயர் பெற்ற காட்டு யானை எந்த லயத்துப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் சில நாள் விளையாட்டே. சரிவில் ஏறி இறங்கும் கால்களுக்குச் சமநிலை பழகிவிடும், அதில் கவலை இல்லை. கைக்கும் கண்ணுக்கும் வேலை தரும் ஆட்டம்தான் அங்கே கூடுதலாக வேண்டும். கந்தலைச் சுருட்டிக் கட்டிய துணிப்பந்து உருண்டு ஓடாது, எறியவும் பிடிக்கவும் தோதானது. கல்லாங்காய்க்கு ஒரு முழ இடம் போதும். மேலே போட்ட கல் இறங்குவதற்குள் கீழே உள்ளதை அள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு கல்லை மேலே போட்டு இரண்டு கையாலும் பிடிப்பதே ஆரம்பம். திண்ணையில் கரித்துண்டால் கோடு கிழித்து, பெஞ்சுக்கு அடியில் நுழைந்து, சாக்கின் மேல் உருண்டு, சுவரைத் தொட்டு வா என்று ஒரு பாதை அமைக்கலாம். மறுநாள் பாதையைப் பிள்ளைகளே அமைக்கட்டும்.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐம்பதோ அதற்கு மேலோ பெண் தொழிலாளர்கள் உள்ள தோட்டத்தில் கிரெச் வேண்டும் என்று வைத்தது. அம்மா கொழுந்துக்குப் போகும் நேரமெல்லாம் பிள்ளை அங்கேதான். பால், தூக்கம், சுத்தம் என்றே அந்த இடத்தை நினைத்துப் பழகிவிட்டோம். மேலே சொன்ன துணிப்பந்தும் கரிக்கோடும் அங்கே நுழைய ஒரு பைசா செலவில்லை.

இப்போது ஊஞ்சல், பெரிய ரப்பர் பந்து, உணர்வு அறை என்று கட்டணம் வாங்கும் மையங்கள் நகரங்களில் பெருகியிருக்கின்றன. அவற்றைப் பிள்ளைகள் ரசிக்கிறார்கள், சரி. ஆனால் ஒருங்கிணைப்புக் குறைபாட்டுக்கான 2019-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல் அழுத்தம் தருவது எந்த வேலை வர வேண்டுமோ அந்த வேலையையே பழக்குவதற்கு. சைக்கிள் வர வேண்டுமென்றால் சைக்கிளில்தான் பழக வேண்டும். மூணாறில் தோட்டத் தொழிலாளர்களின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக 1991-இல் தொடங்கிய ஸ்ருஷ்டி அமைப்பின் அரண்யா பிரிவில், இளைஞர்கள் துணியை மடித்து, கட்டி, இயற்கைச் சாயத்தில் முக்கி எடுக்கிறார்கள். மடிப்பின் வரிசை தவறினால் கோலம் விழாது. அவர்கள் பழகியது அந்தத் துணியிலேயேதான்.

நாலு வயதுக்கு மேலும் படியில் அடிக்கடி விழுவது, முன்பு வந்த ஓர் அசைவு இப்போது வராமல் போவது, உடம்பின் ஒரு பக்கத்தை மட்டும் பயன்படுத்துவது ஆகியவற்றுக்கு விளையாட்டை நம்பிக் காத்திருக்கக் கூடாது. முன்பு வந்தது போய்விட்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மற்றபடி, 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் அங்கன்வாடியில் வருடத்துக்கு இருமுறையும் பள்ளியில் ஒருமுறையும் பரிசோதனை உண்டு. அசைவு வளர்ச்சித் தாமதமும் அதன் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து மாவட்டத் தொடக்கநிலைத் தலையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். எல்லையோரப் பெற்றோர் அங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் மலையாளத்தில் “ஒற்றைக் காலில் நில்” என்று சொல்லி, அது விழித்தால், காலில் குறை என்று எழுதப்பட்டுவிடலாம். வாயால் சொல்வதோடு செய்தும் காட்டச் சொல்லுங்கள், அல்லது பக்கத்தில் நின்று நீங்கள் தமிழில் சொல்லுங்கள். வீட்டு வாசலில் அது ஓடுவதையும் சாப்பிடுவதையும் செருப்பு மாட்டுவதையும் போனில் எடுத்துக்கொண்டு போனால், புது இடத்துப் பயத்தில் செய்யாமல் விடுவதையும் பரிசோதிப்பவர்களால் பார்க்க முடியும்.