தப்பான ரெசிஸ்டர்... சரியான துடிப்பு!

லேபில் ரெசிஸ்டரின் கலர் கோடைத் தப்பாப் படிச்சு முழிச்ச அனுபவம் உங்களுக்கும் உண்டுதானே? அப்போ வில்சன் கிரேட்பேட்ச் நம்ம ஆளு!

அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1919-ல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படை ரேடியோமேன். போர் முடிந்ததும், முன்னாள் வீரர்களுக்கான அரசு உதவியோடு கார்னெல் பல்கலைக்கழகத்தில் இன்ஜினீயரிங் படிச்சார்.

1950-களில், இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவி ஒன்றை உருவாக்கும்போது, 10 கிலோ ஓம் போட வேண்டிய இடத்தில் 1 மெகா ஓம் ரெசிஸ்டரை மாட்டிட்டார். சர்க்யூட் துடிச்சது, ஒரு நொடி சும்மா இருந்தது, மறுபடி துடிச்சது. அட, இதயம் மாதிரியே!

அவ்வளவுதான், வேலையை விட்டார். கையில் சேமிப்பு 2,000 டாலர். வீட்டுக் கொட்டகைதான் ஃபேக்டரி. பாகங்களைச் சோதிக்க மனைவியும் கைகொடுக்க, 2 வருஷத்தில் 50 பேஸ்மேக்கர்கள் ரெடி! 1960-ல் டாக்டர் வில்லியம் சார்டாக் குழு அவற்றில் சிலவற்றை நோயாளிகளின் உடலுக்குள் பொருத்தியது.

ஆனா, பேட்டரி சுமார் 2 வருஷத்தில் தீர்ந்துபோகும். நோயாளிக்கு மறுபடியும் ஆபரேஷன்! விடுவாரா மனுஷன்? 1970-ல் சொந்தமா சின்ன கம்பெனி ஆரம்பிச்சு, லித்தியம்-அயோடின் பேட்டரியை பேஸ்மேக்கருக்கு ஏற்றபடி தயாரிச்சார். ஆயுள் சுமார் 10 வருஷமா எகிறியது. 2011-ல், 92 வயதில் அவர் மறைந்தார்.

ரெசிஸ்டர் மாறினது ஒரு நிமிஷ அதிர்ஷ்டம். அதை நெஞ்சுக்குள் நம்பி வைக்கிற பொருளா மாத்தினது பல வருஷ உழைப்பு. அடுத்த தடவை சர்க்யூட் சொதப்பினா, பிடுங்கிப் போடுறதுக்கு முன்னாடி அது என்ன பண்ணுதுன்னு கொஞ்சம் பாருங்க பாஸ்!