சானல் கரையில் சைக்கிளும் வருது, நடக்குறவங்களும் வர்றாங்க... யார் ஒதுங்கணும்?

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுவது ஆபத்தா, நடந்து போவது ஆபத்தா? கியர் சைக்கிள் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்குப் பதில் தேடி மலை ஏற வேண்டியதில்லை. சானல் கரை போதும்.

பேச்சிப்பாறை அணை 1906-ல் வந்தது. தோவாளை சானல், அனந்தனார் சானல், நாஞ்சில்நாடு புத்தனார் சானல் எனக் கிளை பிரிந்து ஓடும் தண்ணீர்தான் இங்கே வயலுக்கு உயிர். அந்தக் கரைகளில் பல இடங்களில் இன்னும் மண்பாதைதான். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயலோ தென்னந்தோப்போ. காலையில் வாக்கிங் போகிறவர்கள், குளிக்க வருகிறவர்கள், புல்லுக்கட்டு சுமந்து வரும் அம்மாக்கள், அவர்களுக்கு முன்னால் மாடு. இந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் பட்டை டயர் சைக்கிளும் வருகிறது.

விழுந்தால் யாருக்கு எங்கே அடி?

நடப்பவருக்குப் பெரும்பாலும் கணுக்கால் பிசகும், அல்லது கால் வழுக்கும். மருந்துவாழ் மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும், ஏறுவதைவிட இறங்குவதில்தான் சிக்கல். முழங்கால் ஓய்ந்துபோயிருக்கும், மழை பெய்திருந்தால் பாறையில் பாசி வேறு. சைக்கிளில் போகிறவர் விழும்போது கையை ஊன்றித்தான் விழுவார். மணிக்கட்டும் காறை எலும்பும் அதில் அடிவாங்கும். ஹெல்மெட் இல்லையென்றால் தலை. தன் உடம்புக்கு மட்டும் கணக்குப் பார்த்தால், நடைதான் பாதுகாப்பு. இதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால், ஒரே பாதையில் இருவரும் போகும்போது கணக்கு மாறுகிறது. மணிக்கு 20 கி.மீ வேகத்தில் வரும் சைக்கிள் ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் ஓடிவிடும். எதிரே ஆளைப் பார்த்து பிரேக்கில் விரல் அழுந்தவே கிட்டத்தட்ட ஒரு நொடி ஆகும். அதற்குப் பிறகுதான் வண்டி நிற்கவே தொடங்கும், அதுவும் சரளை மண்ணில் வழுக்கிக்கொண்டு. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நான்கு மடங்காகும். தலையில் புல்லுக்கட்டு இருப்பவரால் சட்டென்று திரும்பிப் பார்க்கவும் முடியாது, தாவி ஒதுங்கவும் முடியாது. வேகம் ஒருவருடையது, விழுவது இன்னொருவர். எனக்கு இதுதான் உறுத்துகிறது.

மலை சைக்கிள் விளையாட்டு 1970-களில் வளர்ந்த இடங்களில் முக்கியமானது, அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் டமால்பைஸ் மலை. அங்கேயே இன்று குறுகலான ஒற்றையடிப் பாதைகள் பெரும்பாலும் சைக்கிளுக்குக் கிடையாது. அகலமான பாதைகளிலும் மணிக்கு 24 கி.மீ தான் உச்சம். ஆட்களைக் கடக்கும்போதும், எதிரே வருவது தெரியாத வளைவுகளிலும் 8 கி.மீ. நடப்பவருக்குச் சைக்கிள்காரர்தான் வழிவிட வேண்டும் என்பது அங்கே பொதுவான விதி. சைக்கிளைப் பிறகு வளர்த்தெடுத்த ஊரே இப்படி யோசித்திருக்கிறது!

காட்டுக்குள் போகும் ஆசை இருந்தால் அது வேறு கதை. கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயத்தின் பரப்பு சுமார் 402 சதுர கி.மீ. வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே போகக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீ பலரைப் பலிவாங்கிய பிறகு மலையேற்றத்துக்கான விதிகள் இறுகின. 2024-ல் தமிழ்நாடு அரசு அறிவித்த மலையேற்றப் பாதைகளில் காளிகேசம் – பாலமோர் பாதையும் உண்டு. அது வழிகாட்டியோடு நடந்து போவதற்கானது. யானை நடமாடும் காட்டில், சத்தமில்லாமல் வேகமாக வளைவு திரும்பும் சைக்கிளை நினைத்தாலே பகீரென்கிறது.

சானல் கரைக்கு வருவோம். கியர் சைக்கிள்கள் பலவற்றில் பெல் இருப்பதில்லை. ஸ்டைல் போய்விடுமாம்! முதலில் ஒரு பெல் மாட்டுங்கள். பின்னாலிருந்து வரும்போது தூரத்திலேயே அடியுங்கள், முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் பதறித்தான் போவார்கள். அவர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறார் என்று பார்த்துவிட்டு மறுபக்கம் போங்கள். சுமையோடு வருகிறவர் என்றால், இறங்கி நின்று வழிவிடுங்கள். நடப்பவர்களும் இரண்டு காதிலும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு போவதைத் தவிர்க்கலாம்.

பாசனத்துக்குத் தண்ணீர் திறந்திருக்கும் மாதங்களில் இன்னும் கவனம் தேவை. கரையில் சறுக்கினால் நேராகச் சானலில்தான் விழ வேண்டியிருக்கும். நீச்சல் தெரியாத பிள்ளைகளை அந்த நாட்களில் சைக்கிளோடு தனியாகக் கரைக்கு அனுப்பாதீர்கள்.